முதுகுக்குக் கொஞ்சம் காற்று

1

இந்தக் கதை ஓர் இரங்கல் குறிப்பில் இருந்த ஒற்றை வாக்கியத்திலிருந்து பிறந்தது. போன மாதம், 2009 அக்டோபரில், ஓர் அமெரிக்கப் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் அதைப் படித்தேன். உடை வடிவமைப்பாளர் லொரெய்ன் பிக்ஸ்பி அறுபத்தொரு வயதில், ஒஹாயோவில், தங்கை வீட்டில் காலமானார். பதினான்கு பத்திகள். நியூயார்க்கில் அவர் செய்து பேர்வாங்கிய காலரில்லாத வெள்ளைச் சட்டைக்கு மூன்று பத்தி. இரண்டு திருமணங்களுக்கும் சேர்த்து ஒன்று. வளைகுடாவில் அவர் கழித்த மூன்று வருடங்களுக்கு ஒரே ஒரு வாக்கியம்: "பிற்காலத்தில் மத்தியக் கிழக்கில் சீருடைத் துறை ஆலோசகராகப் பணியாற்றினார்."

அந்த மூன்று வருடமும் நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன். பேச்சுக்குத்தான் அப்படி, உத்தியோகப்படி அஜ்மானில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையின் ஆபீஸ் கிளார்க். மேடத்துக்கு ஆங்கிலம் மட்டும் தெரியும், தையல்காரர்களுக்குத் தமிழ் மட்டும் தெரியும், எனக்கு இரண்டும் கொஞ்சம் தெரியும் என்பதால் என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்து எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். துபாய் கராமாவில் ஆறு பேர் இருக்கும் ரூம். வெள்ளிக்கிழமை, மற்ற ஐந்து பேரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

2

முதல் தொடக்கம்: "ஜுபைலின் ஆகஸ்ட் வெயிலில், கறுப்பு அபாயா அங்கிக்குள், லொரெய்ன் பிக்ஸ்பி தன் வாழ்நாளில் முதல்முறையாக—"

அடித்துவிட்டேன். அவருடைய வாழ்நாளில் எது முதல்முறை என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது தொடக்கம்: "கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் ஒரு பெண்ணின் மூத்த மகளாக 1948இல் ஒஹாயோவில் பிறந்த அவள்—"

இதைத் தொடரலாம். ஆனால் "அவள்" எனக்குக் கை வரவில்லை. மூன்று வருடம் "மேடம்" என்று கூப்பிட்டவன் நான். "அவர்" என்றே வைத்துக்கொள்கிறேன்.

அவர் பத்தொன்பது வயதில் நியூயார்க் போனார். பிறர் வரைந்த உடைகளுக்குப் பத்து வருடம் ஊசி குத்தினார். பிறகு அந்த வெள்ளைச் சட்டை. பெரிய கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் அவர் பெயர் வந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் மூச்சு விடுவதற்காக வெட்டிய சட்டை அது என்று சொல்வார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கம்பெனி அவருடைய தொழிலை வாங்கியது. தொழிலோடு பெயரையும் வாங்கியது. அதன்பின் லொரெய்ன் பிக்ஸ்பி எந்தத் துணியிலும் "லொரெய்ன் பிக்ஸ்பி" என்ற லேபிளைத் தைக்கக்கூடாது. அவர் பார்த்தேயிராத உடைகளில் அவர் பெயர் விற்றுக்கொண்டிருந்தது.

"செத்த பிறகும் என் பெயர் உயிரோடு இருக்கும் என்று அம்மாவிடம் பெருமையடித்திருக்கிறேன்," என்று ஒருநாள் காரில் சொன்னார். "நான் உயிரோடு இருக்கும்போதே அது தனியாகப் போய்விட்டது." சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

2003இல் அஜ்மானுக்கு வந்தார். ஹோட்டல் வரவேற்பாளர்களுக்கு உடுப்பு, விமான நிலையத்தில் தள்ளுவண்டி தள்ளுபவர்களுக்கு உடுப்பு. 2005இல் சவூதியின் ஜுபைலில் பெட்ரோ கெமிக்கல் ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்டர் ஆறாயிரம் கவரால் கேட்டார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக வரும் வேலை உடுப்பு. ரவிசங்கர் சார், எங்கள் மேனேஜர், "மேடம் தன்னோட கையெழுத்து மாதிரி தனியாத் தெரியுற டிசைன் குடுக்கட்டும்" என்றார்.

3

ஆள் அளவு எடுக்க ஜுபைல் போனோம். மேடம், ரவிசங்கர் சார், நான். தொழிலாளர் கேம்ப்பில் டியூட்டி முடிந்து பஸ் வந்தது. இறங்கியவர்கள் ஒவ்வொருவர் முதுகிலும் உப்பு பூத்து வெள்ளை வெள்ளையாக வரைபடம் மாதிரி இருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கார்மேகம் என்ற சாரம் கட்டுபவர் நடுத்தர உயரம், நடுத்தரத் தோள். அவரை நிறுத்தி மேடம் அளந்தார். சட்டையைக் கழற்றியபோது முதுகு முழுக்க வேர்க்குரு. சில இடங்களில் சீழ்.

மேடத்தின் டேப் அப்படியே நின்றது.

"இது வலிக்குமா என்று கேள்."

கேட்டேன். கார்மேகம் கூச்சத்தோடு சொன்னார்: "வலியெல்லாம் இல்லண்ணே. படுத்தா அரிக்கும். குப்புறப் படுத்துக்கிருவோம்."

திரும்பி வரும் விமானத்தில் மேடம் நாப்கின் முழுக்க முதுகுகளாக வரைந்தார். தோளுக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு. மடிப்புக்கு அடியில் திறப்பு. திறப்பில் வலைத்துணி. நடக்கும்போது மடிப்பு எழும்பி உள்ளே காற்று போகும். அவர் கை அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. ஒன்பது வருடமாகப் பெயரில்லாமல் இருந்தவருக்கு, செய்வதற்கென்று ஒன்று கிடைத்துவிட்டது.

(இந்த இடத்தில் நீங்கள் அவரை விரும்ப ஆரம்பித்திருப்பீர்கள். நானும்தான். பின்னால் அவரை நிரபராதி ஆக்குவதற்காக நான் இந்தப் பகுதியை அழகாக எழுதுகிறேனோ என்று நீங்கள் சந்தேகப்படலாம். படுங்கள். ஆனால் நடந்தது இதுதான்.)

4

இந்தப் பகுதியை ஏழுமுறை எழுதினேன்.

சாம்பிள் ரூம். காலை பதினொன்று. மாதிரி உடுப்பு மறுநாள் ஜுபைலுக்குப் போக வேண்டும். மேசைமேல் கவரால் குப்புறக் கிடக்கிறது. மேல்துணி தீப்பற்றாத மருந்து ஏற்றிய பருத்தி. அதற்குச் சான்றிதழ் இருக்கிறது. வலைத்துணி பாலியஸ்டர், அதற்குச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. திருப்பூர்க்காரரான பழனிச்சாமி மாஸ்டர், சாம்பிள் தைப்பவர், வலையில் ஒரு துணுக்கை வெட்டிக் குறடால் பிடித்தார். தீக்குச்சியைக் கிழித்தார்.

துணுக்கு எரியவில்லை. சுருண்டது, உருகியது, கறுப்பு மணியாகத் திரண்டு சொட்டியது. சொட்டிய இடத்தில் மேசை ரெக்ஸின் ஓட்டையானது.

"ஏனுங் தம்பி, அந்தம்மாகிட்டச் சொல்லுங்க," என்றார் மாஸ்டர். "இது நெருப்புப் பட்டா உருகுமுங்க. உருகி ஒடம்புல ஒட்டிக்கும். அப்பறம் துணியக் கழட்ட முடியாது, தோலத்தான் கழட்டோணும். ஆலையில போடற உடுப்புக்கு இதை வெக்கறது பாவமுங்க. பருத்தி வலை போடச் சொல்லுங்க."

ரவிசங்கர் சார் வாசலில் நின்றிருந்தார். "பாலகுரு, யல்லா, சீக்கிரம். நாளைக்கு ஃப்ளைட். இவருக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை."

என் விசா புதுப்பிப்புக் காகிதம் அவர் மேசையில் பதினொரு நாளாகக் கிடந்தது. இதை ஒரு காரணமாகச் சொல்கிறேனா என்றால், ஆமாம்.

மேடம் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "பருத்தி வலை இன்னும் தரமாக இருக்கும் என்கிறார்."

"பருத்தி வலை கேம்ப் லாண்டரியில் நாலு வாரம் தாங்காது. அவருக்கு நன்றி சொல்," என்றார் மேடம்.

"நன்றி சொல்றாங்க மாஸ்டர்," என்றேன்.

பழனிச்சாமி மாஸ்டர் குறடைக் கீழே வைத்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெஷினுக்குப் போய் உட்கார்ந்தார்.

5

இனி என் தொல்லை. மேடம் அந்தக் கறுப்பு மணியைப் பார்த்தாரா?

மூன்றாவது வரைவில் அந்த நேரம் அவருக்கு ஃபோன் வருகிறது. ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார். ஐந்தாவது வரைவில் பார்க்கிறார். துணியை எரித்துப் பார்த்து இனம் கண்டுபிடிப்பது தையல் தொழிலில் கால்வைத்த முதல் மாதமே கற்பது. முப்பத்தெட்டு வருடம் துணியோடு வாழ்ந்தவர், உருகிச் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு கிளார்க்கின் வாயையா எதிர்பார்க்க வேண்டும்?

அப்படியானால் அவருக்குத் தெரியும். தெரிந்தும், அந்த மடிப்பு எழும்பி இறங்கும் அழகுக்காக—

*

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முடித்தால் என் பங்கு பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதற்காகவே அதை முடிக்கக் கை வருகிறது என்பது எனக்குத் தெரிகிறது.

6

ஆறாயிரம் கவரால் போயிற்று. கேம்ப்பில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கார்மேகம் யாரோ ஒருவரின் ஃபோனிலிருந்து கூப்பிட்டு, "அம்மாவுக்கு ஒரு சலாம் சொல்லுங்கண்ணே, மல்லாக்கப் படுத்துத் தூங்குறேன்" என்றார். அதை மேடத்திடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த ஜனவரியில் பழனிச்சாமி மாஸ்டர் லீவில் ஊர் போனார். அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

2006 ஜூன். ஒரு குழாய் இணைப்பில் வாயு கசிந்து பற்றியது. நாலைந்து விநாடிதான் எரிந்தது என்கிறது அறிக்கை. மேல்துணி கருகியது, ஆனால் தீப்பிடிக்கவில்லை. சான்றிதழ் சொன்னது சரி. காற்று போக விட்டிருந்த வழியாகத் தீ போனது.

இரண்டு பேர் மாட்டினார்கள். முதல் வரைவில் கார்மேகத்தை எரித்தேன். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர், வலி கூடும் என்று. அது அயோக்கியத்தனம். எரிந்தவர்களில் ஒருவர் அதிராம்பட்டினத்து ஈசா, இருபத்தாறு வயது, ஒன்பதாம் நாள் இறந்தார். இன்னொருவர் நேபாளி, அவர் பிழைத்தார், பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன், உச்சரிக்கத் தெரியாது. கார்மேகம் சாரத்திலிருந்து இறங்கி ஓடிப்போய் ஈசாவின் உடுப்பை வெறுங்கையால் இழுத்தவர்.

7

ஒரு வாரம் கழித்து காண்ட்ராக்டரின் ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்தது. தொழிலாளர்கள் உள்ளே சொந்த நைலான் பனியன் அணிந்திருந்ததே காயத்துக்குக் காரணம் என்றது அது. உடுப்பு வடிவமைத்தவர், "மாதிரி தயாரிப்பின்போது துணி குறித்து எவரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை" என்று கையெழுத்திட வேண்டும்.

மேடம் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். சவூதி விசா கிடைக்காது என்று ரவிசங்கர் சார் சொன்னார். அப்படியானால் பேச வேண்டும் என்றார். ஸ்பீக்கரில் போட்டோம். பக்கத்துக் கட்டில்காரர் ஃபோனைப் பிடித்துக்கொள்ள, கார்மேகம் பேசினார்.

"அம்மாவ வருத்தப்பட வேணாம்னு சொல்லுங்கண்ணே. துணி காத்தோட்டமா நல்லாத்தான் இருந்துச்சு."

சொன்னேன்.

"ஈசாவக் கழட்டி விட்ருவோம்னுதேன் இழுத்தேன். துணி வரலண்ணே. தோல்தேன் வந்துச்சு. எங் கையிலயும் அது ஒட்டிக்கிருச்சு. இப்ப விரலு ஒன்னோட ஒன்னு சேந்து கெடக்கு."

இதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அன்றைக்கு ஏன் அவ்வளவு துல்லியம் வந்தது என்று தெரியவில்லை.

ஃபோன் வைத்தபின் மேடம் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனா மூடியைத் திறந்தார். தலை நிமிராமல் கேட்டார்: "குரு. அன்றைக்கு அந்த டெய்லர் என்ன சொன்னார்?"

ரவிசங்கர் சார் அறையில் இல்லை. என் விசா அதற்குள் அடித்து வந்துவிட்டது. என்னைத் தடுக்க ஒருவரும் இல்லை.

"பருத்தி வலை இன்னும் தரமாக இருக்கும் என்றார், மேடம்."

இப்போது நிமிர்ந்தார். "எனக்கும் அப்படித்தான் நினைவு," என்றார்.

கையெழுத்துப் போட்டார். மூன்று வாரத்தில் அமெரிக்கா போய்விட்டார். பிறகு அவர் எதையும் வரையவில்லை என்று இரங்கல் குறிப்பின் பன்னிரண்டாம் பத்தி சொல்கிறது. கண்பார்வை மங்கியதால் என்று காரணமும் போட்டிருக்கிறது.

8

வேறு முடிவுகள் செய்து பார்த்தேன்.

ஒன்றில், மேடம் காகிதத்தைக் கிழித்துவிட்டுப் பத்திரிகைக்குப் போகிறார். நன்றாக வந்திருந்தது. திரும்பப் படித்தபோது அதில் நான் எங்கேயும் இல்லை.

இன்னொன்றில், நான் உண்மையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அவர் கையெழுத்துப் போடுகிறார். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதனாலேயே இதை நம்பாதீர்கள்.

மூன்றாவதில் கப்பல், விமானம், கடிதம் என்று என்னென்னவோ—

விடுங்கள்.

9

எழுத ஆரம்பித்த இரண்டாவது வெள்ளிக்கிழமை திருப்பூருக்கு ஃபோன் போட்டேன். பழனிச்சாமி மாஸ்டர் இப்போது பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறார். மேடம் இறந்ததைச் சொன்னேன். "அட," என்றார். ஜுபைல் தீயைச் சொன்னேன். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மெஷின் சத்தம் நின்றது.

"மாஸ்டர், அன்னைக்கு நீங்க சொன்னதை நான் அவங்ககிட்டச் சரியாச் சொல்லல."

"தெரியுமுங்க."

"எப்படி?"

"நாஞ் சொன்னது அத்தன நீளம். நீங்க சொன்னது ஒரு வரி. ஆனாத் தம்பி, நெருப்பை நேராக் காட்டினனுங்க. அதுக்கு எதுக்குங்க பாஷை?"

நான் ஆறுதலடைந்தேன். அந்த ஆறுதலை உடனே வெறுத்தேன் என்று எழுத ஆசை. உடனே இல்லை, இரண்டு நாள் ஆயிற்று.

10

கார்மேகம் ஊரில் இருக்கிறார். வலது கையில் மூன்று விரல் சேர்ந்தபடியே இருக்கிறது. அவர் மனைவி தாமரை ஃபோனைக் காதில் வைத்துப் பிடிக்க, போன ஞாயிறு பேசினார். மேடம் போய்விட்டார் என்றதும், "நல்ல மனுசிண்ணே" என்றார். "எம் முதுகு அரிக்குதேன்னு அதுக்கு முன்னாடி ஆரு நெனச்சா? நீங்களும் ஒத்தாசையா இருந்தீக."

மேடத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அனுப்பி வைங்கண்ணே. நமக்குப் பக்கம் பொரட்ட வராது. தாமரை சத்தமா வாசிச்சுக் காட்டும்."

உறையில் விலாசம் எழுதியாகிவிட்டது. இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றில் நீங்கள் படித்த எல்லாம் இருக்கிறது. இன்னொன்றில் நான்காம் பகுதி கிடையாது, அதைத் தொட்டுப் பேசும் பகுதிகளும் கிடையாது. படிக்கக் கோர்வையாகத்தான் இருக்கிறது, யாருக்கும் குறை தெரியாது. இரண்டும் மேசையில் இருக்கின்றன. தபால் ஆபீஸ் நாளைக் காலை திறக்கும்.

அவருக்கு முழுப் பிரதியைத்தான் அனுப்பப் போகிறேன்.

இதை நான் சொல்கிறேன், நீங்கள் கேட்கிறீர்கள். நான் சொல்வதை எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வது என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.