ஒரு சாண் இந்தப் பக்கம், ஒரு சாண் அந்தப் பக்கம்

ஏழாவது தடவையாக வண்டி பின்னால் வந்தது. ஏழாவது தடவையாக நின்றது. "பின்னால் தடை உள்ளது, கவனிக்கவும்" என்று வண்டிக்குள்ளிருந்த பெண்குரல் ஏழாவது தடவையாகப் பணிவோடு சொன்னது.

சமையலறையிலிருந்து கார் ஷெட்டுக்குள் இறங்கும் கதவில் சாய்ந்து நின்றபடி அவள் இந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த காபி ஆறி அரை மணி நேரமாகிறது. குடிக்கவும் தோன்றவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை. அந்தக் குரல் தடை என்று சொன்னது அவள் வீட்டுச் சுவரை. வீடு கட்டின நாளிலிருந்து சுவர் அங்கேயேதான் இருக்கிறது. வண்டிதான் புதுசு.

புதுசு என்றால் மூன்று வாரம். மின்சார ட்ரக், குளிப்பாட்டி நிறுத்திய யானை மாதிரி இருந்தது. அவள் வீட்டுக்காரர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுகிறவர். தெருவுக்கே அவர் கண்ணாடிக்காரர்தான். பழைய வண்டியில் பெரிய கண்ணாடி நிற்கவில்லை என்று இதை வாங்கினார். வாங்குவதற்கு முன் நாலு பேரைக் கேட்டார். அண்ணனைக் கேட்டார். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரைக் கேட்டார். வண்டி விற்கிறவனையே கேட்டார். முடிவெட்டுகிறவரைக்கூடக் கேட்டார். அந்த நாலு பேரில் அவள் இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தால் வாசலில் வண்டி நிற்கிறது. "எப்படி இருக்கு?" என்றார், பல்லெல்லாம் தெரிய. வாங்கி நிறுத்திய பிறகு கேட்பது ஒரு கேள்வியா?

அன்றைக்கு அவள் கையை விரித்து வண்டியின் அகலத்தை அளந்தாள். ஒன்பது சாண். ஷெட்டுக்குள் போய் அங்கேயும் அளந்தாள். பதினொரு சாண். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்ன அளந்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்கிறவரைக்கும் நானாக வாயைத் திறப்பதில்லை என்று அப்போது பிடித்த வீம்பை அவள் இன்னும் விடவில்லை. வீம்பு என்று மற்றவர்கள் சொல்லலாம். அவளுக்கு வலித்தது, அதுதான் உண்மை.

இத்தனை நாளும் அவர் கடைவீதிக்குப் போய் வரிசையில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார். நேற்றுத்தான் எலக்ட்ரீஷியன் வந்து ஷெட்டின் பின்சுவரில் சார்ஜரை மாட்டிவிட்டுப் போனார். அதன் ஒயர் குட்டை. சார்ஜ் ஏற்றும் துவாரமோ வண்டியின் வால்பக்கம். ஆக, வண்டி பின்னாலேயே உள்ளே போனால்தான் உண்டு. வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்ற தெம்பில் அவர் ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஆறு சதவீதத்தோடு வந்து நிற்கிறார். நாளைக் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். போன வாரக் காற்றில் உடைந்த ஜன்னல்கள், நாலு வகுப்பறை பூட்டிக் கிடக்கிறது.

இதில் அவளுக்கு எரிச்சல் தாங்காத விஷயம் ஒன்று உண்டு. துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டுவதுதான் அவள் வேலை. பதினாறு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரருக்குக் கீழே நடப்பது தெரியாது. அவள் கையைப் பார்த்துத்தான் எல்லாம். முப்பது டன் பெட்டியை இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, விரற்கடை இடைவெளியில், முட்டையை வைப்பதுபோல் இறக்க வைப்பாள். அப்பேர்ப்பட்டவளை வீட்டில் வைத்துக்கொண்டு இவர் யார் பேச்சைக் கேட்கிறார்? வண்டிக்குள்ளிருக்கும் அந்தப் பெண்ணின் பேச்சை. அப்புறம் தெருவில் நிற்கும் இரண்டு மேதாவிகளின் பேச்சை.

"நாப்பத்தஞ்சு டிகிரில உள்ள வாங்க சார். அப்புறம் மெதுவா முப்பதுக்குக் குறைங்க" என்றார் கணக்கு வாத்தியார், காற்றில் விரலால் கோடு போட்டு.

ஸ்டியரிங்கில் டிகிரியா எழுதி வைத்திருக்கிறது?

"அதெல்லாம் வேணாம்டா. என்னைப் பாரு. வா, வா, வா, வரலாம்..." என்றார் கண்ணாடிக்காரரின் அண்ணன். அவர் முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் எதையும் ஓட்டியவரில்லை. ஆனால் ஓட்டினவர்கள் அத்தனை பேரையும் தானே ஓட்டியதாக அவருக்கு நினைப்பு.

எட்டாவது தடவை, நம்ப முடியாதபடி, வண்டி நேராக வந்தது. வால்பக்கம் ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டது. அவளே ஒரு அடி பின்வாங்கிப் படியேறி நின்றாள். பரவாயில்லையே, இந்த மனுஷன் தேறிவிடுவார்போல என்று நினைத்த அதே நொடியில் அண்ணனுக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆங், அப்படித்தான்! ரைட்! ரைட்!"

பஸ்ஸில் ரைட் என்றால் போகலாம். வண்டி ஓட்டுகிறவர் காதில் ரைட் என்றால் வலது. துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தச் சொல்லை வாயிலிருந்து பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். இங்கே யார் பிடுங்குவது? கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கை வலதுபக்கம் முழுசாக ஒடித்தார். வண்டியின் வால் வலப்பக்கம் போக, முகம் இடப்பக்கம் வெட்டியது. இடப்பக்கக் கண்ணாடி கேட் தூணில் மோதி, சலசலவென்று தரையில் கொட்டியது.

ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவர் தன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ரைட்னு சொன்னது போலாம்னு" என்றார் அண்ணன்.

"போலாம்னா போலாம்னு சொல்ல வேண்டியதுதானேண்ணா!"

"முப்பது வருஷமா ரைட்னுதான்டா சொல்லியிருக்கேன். ஒரு டிரைவராவது வண்டியத் திருப்பியிருப்பானா?"

வாத்தியாருக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டன. "டிகிரி நான் சரியாத்தான் சொன்னேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் வண்டியைத் தெருவுக்கு எடுத்து நிறுத்திவிட்டு, வியர்வை வழிய, நேராகச் சமையலறைப் படிக்கு வந்தார். யாராவது ஒருவர்மேல் கோபத்தைக் காட்டியாக வேண்டும். அண்ணன்மேல் காட்ட முடியாது, வாத்தியார் தப்பித்துவிட்டார்.

"குத்துக்கல்லாட்டம் நின்னு வேடிக்க பாக்குறியே, வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கேட்டீங்களா?"

"இதுக்கெல்லாம் கேக்கணுமா? பொண்டாட்டிதானே நீ?"

சுருக்கென்றது அவளுக்கு. காபியைப் படியில் வைத்தாள், வைத்த வேகத்தில் பாதி சிந்தியது.

"அந்தக் கிரேன்காரர் எனக்கு மாமனா மச்சானா? ஒவ்வொரு பெட்டிக்கும் 'அக்கா, இறக்கலாமா'ன்னு கேட்டுட்டுத்தான் இறக்குறார். அவருக்கு இருக்கிற மரியாதை உங்களுக்கு இல்ல."

அவர் வண்டிப் பக்கம் பார்த்தார். "நாலு சதவீதம்தான் இருக்கு" என்றார். பிறகு, "சரி, வந்து காட்டு" என்றார்.

இதுவும் கேட்டதில் சேர்த்தியில்லை, உத்தரவுதான். ஆனாலும் பூட்டிக் கிடக்கும் நாலு வகுப்பறை என்ன பாவம் செய்தது? அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஷெட்டின் மூலையிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்துப் பின்சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளிக் குறுக்கே போட்டாள். பின்சக்கரம் அதில் இடித்தால் நிற்க வேண்டிய இடம் அது. வால் நீட்டிக்கொண்டு இருப்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் போட்டாள். வாசலுக்கு வந்தாள்.

"நீங்க கொஞ்சம் உக்காருங்க. ஒருத்தர்தான் சொல்லணும்" என்றாள் அண்ணனிடம். அவர் மதில்மேல் உட்கார்ந்தார்.

"உள்ள பேசுற அந்தப் பொண்ண நிறுத்துங்க."

"அது தானா பேசுது."

"நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"ரெண்டு கண்ணாடியையும் மடக்குங்க. உடைஞ்சதையும் சேர்த்து."

"அப்புறம் எதப் பாத்து ஓட்டுறது?"

"என்னப் பாத்து."

"வண்டி பின்னால போகுது, நீ முன்னால நிக்கிற?"

"நீங்க பாக்கிற இடத்துலதான் நான் நிக்கணும். நடுவுல விடணுமா, இல்ல உங்க கதவுப் பக்கம் இடம் விட்டு ஒதுக்கி விடணுமா?"

"நடுவுலதான்! இதுல என்ன கேள்வி? பேசாம காட்டு."

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கேட்டாயிற்று. பதிலும் வந்தாயிற்று.

கை உயர்ந்தது. விரல்கள் இரண்டு மெல்ல அசைந்தன, வண்டி அசைந்தது. இடது உள்ளங்கை சாய்ந்தது, சக்கரம் சாய்ந்தது. முஷ்டி மூடியது, நின்றது. ஆரம்பத்தில் அவர் கண் அங்கேயும் இங்கேயும் ஓடியது. அவள் இரண்டு விரலால் தன் முகத்தைக் காட்டினாள்: இங்கே பார். பார்த்தார். மூன்று வாரத்தில் அவர் அவள் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது, அதற்கும் எரிச்சல் வந்தது. வண்டி அங்குலம் அங்குலமாக நிழலுக்குள் போயிற்று. பின்சக்கரம் மரக்கட்டையில் மெத்தென்று இடித்தது. முஷ்டி மூடியது. நான்கு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

"ரைட்" என்றார் அண்ணன் மதில்மேலிருந்து, தன்னையறியாமல். நல்லவேளையாக யாரும் எதையும் திருப்பவில்லை. சாப்பிட நேரமாகிவிட்டது என்று அவரும் கிளம்பினார்.

அவள் வீட்டைச் சுற்றிச் சமையலறை வழியாகப் போய், பின்சுவரிலிருந்து ஒயரை எடுத்து வண்டியில் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து மறுபடி டொக். கதவு சுவரில் இடிக்கிற சத்தம்.

அவள் அவசரப்படவில்லை. சிந்திய காபியைத் துடைத்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். பிறகு வாசல் பக்கம் சுற்றி வந்தாள்.

கண்ணாடிக்காரர் அந்தப் பக்க இருக்கைக்கு நகர்ந்து, அந்தக் கதவையும் திறந்து பார்த்துவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். நூல் பிடித்தமாதிரி நடுவில் நின்றது வண்டி. எண்சாண் உடம்பை ஒரு சாணில் எப்படி நுழைப்பது? ஜன்னலை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"கதவு தொறக்கல."

"தொறக்காது."

"உனக்குத் தெரியுமா?"

"வண்டி வந்த அன்னிக்கே தெரியும். அளந்தேனே."

"சரி, வெளிய எடுத்துட்டு ஒதுக்கி விடுறேன்."

"சார்ஜ் ஏறுது. ஒயரக் கழட்டினாத்தான் நகரும்." கழற்றப் போகிற அறிகுறி எதையும் அவள் காட்டவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏன் அப்பவே சொல்லல?" என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். பதில் அவருக்கே கேட்டுவிட்டது.

அவள் விடவில்லை. மூன்று வாரமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது. "ஊர்ல நாலு பேரக் கேட்டீங்க. முடிவெட்டுறவரக் கேட்டீங்க, அவர்கிட்ட சைக்கிள்கூட இல்ல. நான் வேலையிலேருந்து வந்து, இது யாரு வீட்டு வண்டி, நம்ம வாசல்ல நிக்குதேன்னு நெனச்சேன். அப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒதுக்கி விடணுமான்னு இப்பக்கூட நான்தான் உங்களக் கேட்டேன். ஏன் கேக்குறேன்னு உங்களுக்குத் தோணவே இல்ல."

முன்கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகத்தில் அசடு வழிந்தது. ஸ்டியரிங்கைத் தடவினார். கூரையைப் பார்த்தார். போவதற்கு இடமில்லாத மனுஷன் கடைசியில் அவளைப் பார்த்தார்.

"ஏம்மா."

"ம்."

"ஒரு வண்டி வாங்கலாம்னு இருக்கேன். மின்சார ட்ரக். கொஞ்சம் பெருசு." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "நீ என்ன சொல்ற?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இரண்டும் சேர்ந்து வந்ததில் கடுப்புத்தான் கூடியது. எழுந்தாள். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்து, கட்டைவிரலைக் கதவிலும் சுண்டுவிரலைச் சுவரிலும் பதித்து விரித்தாள்.

"அளந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.