மிதுனனின் மூன்றாவது எபிசோட்

சென்ற வாரம் இரண்டு படங்களும் ஒரு தொடரில் நான்கு எபிசோட்டும் பார்த்தேன். முதல் படத்தில் நாயகன் நாற்பது பேரை அடிக்கத் தொடங்கியதும் நான் பேஸ்மென்ற்றுக்குப் போய் உடுப்புத் தோய்க்கப் போட்டுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் இன்னும் பன்னிரண்டு பேர் மிச்சம். இரண்டாவது படத்தில் கனடா என்கிறார்கள், ஜனவரி மாதம் என்கிறார்கள், நாயகி சேலையோடு வெறுந்தலையில் ஓடித் திரிகிறாள். அந்த இயக்குநரை ஒரேயொரு ஜனவரிக் காலையில் இங்கே யூனியன்வில் பஸ் தரிப்பில் நிற்க விடவேண்டும். தொடரைப் பற்றி அதிகம் இல்லை. மாமியார் பாலில் நஞ்சைக் கலந்துவிட்டார், நான்கு எபிசோட்டாக அந்தப் பால் ஆறிக்கொண்டிருக்கிறது.

பதினொரு வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன். கனடாவில் மார்க்கம் நகரத்துத் தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கும் ஒரு வாரப் பத்திரிகையில், கஸ்பர் என்ற என் சொந்தப் பெயரில். சனம் வாசித்துச் சிரித்துவிட்டு அதே பேப்பரை விரித்து மீன் வெட்டும். அதில் எனக்குக் குறையில்லை.

இந்த வாரத்துக் கட்டுரையை அவ்வளவோடு நிறுத்தி அனுப்பிவிட்டேன். இனி எழுதப்போவதை அனுப்ப முடியாது. ஸ்ரீஸ்கந்தராசா என் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறவர். ஆனாலும் எங்காவது எழுதி வைக்காவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அவருடைய மகன் எடுத்த ஒரு சின்னத் தொடரைப் பற்றி நான் மூன்று தரம் கருத்துச் சொன்னேன். மூன்று தரமும் பொய்.

ஸ்ரீஸ்கந்தராசாவும் நானும் பதினாறு வருடம் ஒரே தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ற். அவருடைய காரில்தான் நான் வேலைக்குப் போய்வருவேன். அவருடைய ஒரே மகன் மிதுனன். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கமரா வாங்கியவன். மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு நாள், வேலைக்குப் போகிற வழியில் கோப்பிக் கடையில் இருந்தபோது அவர் கதையை எடுத்தார்.

"அண்ணை, உவன் யூரியூபில ஏதோ மூண்டு எபிசோட் எடுத்துப் போட்டிருக்கிறான். பாத்தனீங்களோ?"

"இன்னும் இல்லை."

"பாத்து எழுதுங்கோ. ஆனா உறைப்பா எழுதுங்கோ. நான் சொன்னாக் கேக்கிறானில்லை. நீங்கள் எழுதினா ஊர் சிரிக்கும். ஒருக்காச் சிரிச்சினமெண்டா விட்டிட்டு ஒரு வேலையைப் பாப்பான்."

நான் சிரித்தேன். தன் பிள்ளைக்குத் தான் சொல்ல வேண்டியதைச் சொல்ல இன்னொரு ஆளைப் பிடிப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். ரியூசன் மாஸ்ரரைப் பிடிப்பார்கள், சுவாமியாரைப் பிடிப்பார்கள், குடும்ப டொக்டரைக்கூடப் பிடிப்பார்கள். இந்த முறை நான் அகப்பட்டேன். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் ஒளிக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை மூன்றையும் பார்த்தேன். முதல் இரண்டும் சுமார். சத்தம் சரியாகக் கேட்காது, நடிக்கிற பெடியங்கள் ஆளையாள் பார்த்துச் சிரிப்பை அடக்குவது தெரியும். மூன்றாவது பதினொரு நிமிடம். ஒரு தகப்பனும் மகனும் மார்க்கத்தில் இருந்து றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் போகிறார்கள். ஒரு கதை பேச்சு இல்லை. முதல் நாள் ஏதோ சண்டை நடந்திருக்கிறது என்று மட்டும் விளங்குகிறது. மகன் நித்திரை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது தகப்பன் தன் பக்கத்துச் சூட்டுக்காற்றை மகன் பக்கம் திருப்பிவிட்டு, தன் கைகளைத் தொடைகளுக்கிடையில் வைத்துச் சூடாக்குகிறார். மகன் ஒருக்கால் கண்ணைத் திறந்து அதைப் பார்க்கிறான். மறுபடி மூடிக்கொள்கிறான். கோயில் வாசலில் இறங்கும்போது தகப்பன், "சப்பாத்தை உள்ளுக்குப் போய்க் கழட்டு, கால் விறைக்கும்" என்கிறார். அவ்வளவுதான் படம்.

தகப்பனாக நடித்தவர் எங்கள் தொழிற்சாலையின் நீல ஜாக்கெற்றைப் போட்டிருந்தார். நான் அதை முதலில் இருந்து திரும்பவும் போட்டுப் பார்த்தேன். பதினொரு வருடத்தில் நான் பார்த்ததிலே அதைவிட நல்ல படம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

பிறகு மேசையில் இருந்து, தகப்பன் கேட்டபடியே உறைப்பாக, இப்படி எழுதினேன்: "மூன்றாவது எபிசோட்டில் பதினொரு நிமிடம் கார் ஓடுகிறது. தம்பி, வாகனம் ஓட்டத்தான் ஆசையென்றால் நேரே போய் லொறி லைசன்ஸ் எடுக்கலாமே! எங்களை ஏன் பின்சீற்றில் ஏற்றிக் கொல்கிறீர்?"

அந்த வாரம் எனக்கு வந்த பாராட்டுகள் போல ஒரு வாரமும் வந்ததில்லை. யாரோ அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் விட, மார்க்கம் முழுக்கச் சுற்றியது. நான் காரில் ஏறியதும் ஸ்ரீஸ்கந்தராசா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மிதுனனைப் பிறகு ஒரு தரம் மரக்கறிக் கடையில் கண்டேன். ஒளிக்க இடமில்லை.

"அங்கிள், மூண்டாவது எபிசோட் முழுக்கப் பாத்தனீங்களா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய வேண்டும் போலக் கேட்டான்.

"பாத்தனான் தம்பி. இன்னும் பழக வேணும்."

"ஓகே அங்கிள்," என்றான். "தாங்ஸ்."

அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எட்டு மாதத்தில் கமராவை விற்றுவிட்டு அவன் உண்மையாகவே பெரிய லொறி ஓட்டும் லைசன்ஸை எடுத்தான். தகப்பன் வேலைக்கு ஒரு பெட்டி லட்டுக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. "உங்கட புண்ணியம் அண்ணை" என்றார். நான் இரண்டையும் சாப்பிட்டேன்.

இந்தப் பெப்ரவரியில் வடக்கே தண்டர் பே நகருக்குப் போகிற தெருவில், பனிப் புயலில் அவனுடைய லொறி தடம் விலகிக் கவிழ்ந்தது. அவனுக்கு இருபத்தேழு வயது.

செத்தவீட்டில் ஸ்ரீஸ்கந்தராசா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். அவருக்கு அப்படி ஒரு நினைப்பே இல்லை. இரண்டு கிழமை கழித்து என் வீட்டுக்கு வந்தார். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர்ப் புத்தகம் அடிக்கிறார்களாம்.

"அண்ணை, அவன் நல்ல பிள்ளை எண்டு எழுத ஆக்கள் இருக்கினம். அவன்ர படத்தைப் பற்றி நீங்கள்தான் எழுதோணும். அரைப் பக்கம் காணும். நல்லதா எழுதுங்கோ."

நினைவு மலர்களில் கெட்டவர் ஒருவரையும் நான் இதுவரை வாசித்ததில்லை. குடித்துக் குடும்பத்தை அடித்தவரும் அங்கே உத்தமர். நான் எதை எழுதினாலும் சனம் அந்தக் கணக்கில்தான் வாசிக்கும் என்று தெரியும். தெரிந்தும், மூன்று வருடத்துக்கு முன்னர் எழுத வேண்டியதை எழுதினேன். அரைப் பக்கம் கேட்டவருக்கு மூன்று பக்கம். அந்தத் தகப்பனின் கைகளைப் பற்றி, மகன் அதைக் கண்டதைப் பற்றி, அந்தப் பதினொரு நிமிடத்தில் ஒரு நொடியைக்கூட வெட்ட முடியாது என்பதைப் பற்றி. எழுதும்போது அழுதேன்.

நேற்றுக் காலை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய மனைவி யோகராணி மேலே படுத்திருந்தார், இப்போது அவர் கீழே இறங்குவது குறைவு. ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியைப் போட்டு, வரிக்குக் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக ஆறுதலாக வாசித்தார். முடித்துவிட்டு முதற் பக்கத்துக்குப் போய்த் திரும்பவும் வாசித்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே? மறைக்காமச் சொல்லோணும்."

"கேளுங்கோ."

"உது உண்மையோ? இல்லாட்டி மலருக்கெண்டு எழுதினதோ?"

அவரே தொடர்ந்தார்.

"நான் அந்தப் படத்தை இண்டைவரைக்கும் பாக்கேல்லை. அவன் போனுக்கு அனுப்பினவன், ரெண்டு தரம் 'அப்பா பாத்தீங்களா' எண்டும் கேட்டவன். உண்மையிலேயே நல்ல படமெண்டா நான் பாக்கோணும். ஆனா அப்பிடி நல்லதா இருந்திட்டா, அண்ணை... நாங்கள் ரெண்டு பேரும் அவனுக்கு என்ன செய்து வைச்சிருக்கிறம்?"

அவர் பேப்பரை மேசையில் வைத்தார். உண்மையென்று சொன்னால் இந்த மனுசன் மிச்சக் காலம் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். சொல்லாவிட்டால், தன் பிள்ளை தன்னை எப்படிப் பார்த்தான் என்று தெரியாமலே சாக வேண்டும். இரண்டும் எனக்கு விளங்கின. அவருக்கு இரங்கித்தான் வாயைத் திறந்தேன் என்று சொல்ல ஆசை. ஆனால் 'அப்ப ஏன் அண்ணை அப்படி எழுதினீங்கள்' என்று அவர் கேட்டுவிடுவார் என்ற பயந்தான் என்னிடம் கூடுதலாக இருந்தது.

"மலருக்குத்தான்," என்றேன்.

அவருடைய தோள் இறங்கியது. மூன்று கிழமையாகக் காணாத ஒரு நிம்மதி அந்த முகத்தில் வந்தது. தன் மகனிடம் திறமை இல்லை என்று கேட்டு ஒரு தகப்பனுக்கு வந்த நிம்மதி.

"அப்ப அவனுக்கு உந்தப் பட வேலை சரிவந்திராது, என்ன?"

"சரிவந்திராது."

"நாங்கள் பிழையொண்டும் விடேல்லை."

"இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று பக்கங்களையும் ஒழுங்காக மடித்து, அச்சகத்துக்குக் கொடுக்கும் உறைக்குள் வைத்தார்.

"அப்ப நான் அதைப் பாக்காட்டிலும் பரவாயில்லை, என்ன அண்ணை?"

"பரவாயில்லை," என்றேன்.