மீட்டரின் முதுகு

மோதிர விரல் மாட்டிக்கொண்டது. அதுவும் எந்த நேரத்தில்!

எல்லோரும் மீட்டர்காரன் என்று கூப்பிடும் அவன், அந்தப் பழைய ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரின் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். தலை பிரேக் பெடலுக்குக் கீழே, கால்கள் கதவுக்கு வெளியே. வலது கை ஒயர்களுக்கு நடுவே நுழைந்து ஸ்பீடோமீட்டரின் பின்பக்கம் வரை போயிருந்தது. கேபிளையும் திருகுகளையும் கழற்றியாகிவிட்டது. கையை இழுத்தால் மட்டும், மோதிரம் ஒரு தகட்டுப் பட்டையில் கொக்கி போட்டுக்கொண்டு வரமாட்டேன் என்றது. வேலைக்கு முன்னால் மோதிரத்தைக் கழற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா? கழன்றால்தானே! கல்யாணத்தில் மச்சான் போட்ட மோதிரம். பதினோரு வருஷமாக மச்சான் வீட்டுச் சோறு தின்று விரல் பெருத்துவிட்டது.

ஷெட் மச்சானுடையது. மாடியில் இருந்த வீடும் அவருடையதுதான். தனியாகப் போய்விடலாம் என்று இவன் வாயெடுத்தால் போதும், "எங்கண்ணன் மனசு கஷ்டப்படுங்க" என்பாள் மனைவி. அத்தோடு பேச்சு முடிந்தது.

போன வாரம் மச்சான் தோளில் கை போட்டார். "மாப்ளே, தொண்ணூத்தி மூவாயிரம் கிலோமீட்டர்னு காட்டினா எவன் வாங்குவான்? நாப்பத்தி ஒண்ணாக்கிடு." முடியாது என்று சொல்லத்தான் நினைத்தான். "சரி மச்சான்" என்றுதான் வாயில் வந்தது. எண் சக்கரங்களைத் திருப்பினான். ஆனால் இருபது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? எந்த மீட்டரைத் திறந்தாலும் அதன் முதுகில் தேதியையும், திறந்தபோது காட்டிய எண்ணையும் எழுதி வைப்பான். இதிலும் பளிச்சென்று எழுதித் தொலைத்தான்: 93,412. இன்று காலை பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. சொன்னதும் மச்சான் குதி குதியென்று குதித்தார். கார் வாங்கும் ஆள் வருவதற்குள் அழித்துவிடலாம் என்று உள்ளே நுழைந்தவன்தான்.

ஆளோ அரை மணி முன்னாலேயே வந்து நின்றார். பல் டாக்டரம்மா.

"டாஷ்போர்டுப் பலகை கண்ணாடி மாதிரி இருக்கே," என்று தடவிப் பார்த்தார்.

"எல்லாம் நம்ம மாப்ளே போட்ட பாலிஷ். இப்பக்கூட ஏதோ பல்பு மாத்துறார்," என்றார் மச்சான்.

"நாப்பத்தோராயிரம்தானா? மீட்டர்ல யாரும் கை வைக்கலியே?"

"கை வைக்கறதா! கம்பெனியில பூட்டுனது பூட்டுனபடி இருக்கு, டாக்டரம்மா."

"எம்பொண்ணை ஏத்திக்கிட்டு மலை ரோட்டுல போகப்போறேன். கம்மியாத்தான் ஓடியிருக்குன்னா அடியெல்லாம் பிரிச்சுப் பாக்க வேணாம்னு கேட்டேன்."

ஸ்டியரிங் தண்டின் மூட்டு அவன் மூக்குக்கு நேர் மேலே இருந்தது. தேய்ந்து லொடலொடவென்று ஆடியது.

டாக்டரம்மா குனிந்தார். "தம்பி, மீட்டர் பாக்குறது நீங்கதானே? நீங்க சொல்லுங்க."

மச்சானின் ஷூ அவன் முழங்காலுக்குக் கீழே அழுத்தியது. மீட்டரை முன்னால் தள்ளினால் விரலுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். தள்ளினால் அதன் முதுகும் தெரிந்துவிடும். இப்போதும் "சரி மச்சான்" நாக்கு நுனியில் வந்து நின்றது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. தள்ளிவிட்டான்.

மீட்டர் பலகையிலிருந்து பிதுங்கி டாக்டரம்மா கையில் விழுந்தது. அவர் திருப்பிப் பார்த்தார்.

"தொண்ணூத்தி மூவாயிரத்து நானூத்தி பன்னெண்டு. போன வாரத் தேதி."

"என் கையெழுத்துதாம்மா. ஸ்டியரிங் மூட்டும் போயிடுச்சு. பொண்ணை இதுல ஏத்தாதீங்க."

அவர் மீட்டரை சீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"சாயங்காலத்துக்குள்ள மாடியைக் காலி பண்ணிடு," என்றார் மச்சான். அவரும் போய்விட்டார்.

விரல்கள் மீட்டர் இருந்த ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்த்தன. பாழாய்ப்போன மோதிரம் மட்டும் பட்டையை விடவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. மனைவியின் பாதங்கள் மட்டும்தான் அவன் கண்ணுக்குத் தெரிந்தன.

"எல்லாம் கேட்டுச்சு," என்றாள். "இனிமே எங்க போறது?"

"தெரியல."

பாதங்கள் திரும்பி நடந்தன. அண்ணனிடம்தான் போகிறாள் என்று நினைத்தான். கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. துடைக்க வலது கை இல்லை; இடது கை உடம்புக்கு அடியில் மரத்துக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து சீட் கிறீச்சிட்டது. ஓட்டையில் நீட்டிக்கொண்டிருந்த விரலை அவள் பிடித்துக்கொண்டாள். மோதிரத்துக்கு அடியில் கட்டிங் பிளேயர் சில்லென்று நுழைந்தது.

"எங்கண்ணன் மனசு கஷ்டப்படும்," என்றாள். "ஆடாம இருங்க."