ஜல்தி இறங்கிவந்த பேரம்

1908ஆம் வருஷம், தோல் பதனிடும் ஆவாரம் பட்டையின் விலை ஏறிய அதே வாரத்தில், ஆம்பூர்த் தோல் தரகர் அதாவுல்லா சாயபுவின் குதிரையும் ஏறியது. முதலில் தரையிலிருந்து ஒரு சாண். மறுநாள் தோல் ஊறும் தொட்டியின் விளிம்பளவு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் வீடு திரும்பியபோது அது வேப்பமரத்தின் நடுக்கிளையில் இலை மேய்ந்துகொண்டிருந்தது. ஜல்தி என்ற அந்தப் பெண்குதிரைக்கு முதுகில் ஆறாத சேணப்புண். யாரும் ஏறக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஏற முடியாத குதிரைக்கு என்ன வேலை என்று சும்மா கட்டிப்போட்டார்கள். சும்மா நின்ற அலுப்பில்தான் அது மேலே போகிறது என்றார்கள் ஊரில். ஊர் சொன்னது அந்த ஒரு தடவை சரியாகவே இருந்தது.

பட்டை வியாபாரி சுப்பராயன், தோஸ்த் என்ற உரிமையில், குதிரைக் கயிற்றை ஒரு பட்டை மூட்டையில் கட்டிவைத்தார். பொழுது சாய்வதற்குள் மூட்டையும் மேலே போயிற்று. "இன்னா பாய், உன் குதிர என் சரக்கையும் சேத்து இட்டுனு போவுது!" என்று கத்தினார். அதாவுல்லாவுக்கு மூட்டையைப் பற்றிக் கவலையில்லை. காலையில் அந்தக் குதிரையின் முகத்தில் விழித்தால்தான் அவருக்கு வியாபாரமே ஓடும். அது வானத்தோடு போய்விட்டால்? ஏணி வைத்து ஏறினார். தோல் மண்டியில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள். யோசனையாக நிற்கும் முகத்தைக் கண்டால் தரகரின் கை தானாகத் துண்டைத் தேடும். அந்தப் பழக்கதோஷத்தில் குதிரையின் மூக்கின்மேல் துண்டைப் போட்டு, உதட்டை இரண்டு விரலால் அமுக்கினார். குதிரை உதட்டைச் சுழித்து அவர் விரலைத் திருப்பி அமுக்கியது. கட்டுப்படியாகாது என்று அர்த்தம். அவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். குதிரை கொஞ்சம் இறங்கியது.

அன்றிலிருந்து ஜல்திக்குத் தரையில் வேலை. தோளில் விரல் வைத்தால் ஓரடி விலக வேண்டும். விலகியதும் விரலை எடுத்துவிடுவார். மார்பில் வைத்தால் பின்னால் நடக்க வேண்டும். பரப்பிய மூங்கில்களைக் குளம்பு படாமல் தாண்டும். காயப்போட்ட தோல்கள் படபடக்கும் கொடிகளுக்கடியில் மிரளாமல் போகும். நீளக் கயிற்றில் அவரைச் சுற்றி வட்டமடித்துவிட்டு, அவர் முதுகைத் திருப்பினால் தானே வந்து தோளில் மோவாயை வைக்கும். செய்ததையே திரும்பச் சொன்னால் அலுத்துப்போய்க் குளம்பு தரையை விட்டு லேசாக எழும்பும். உடனே புதுசாக இருக்கட்டும் என்று குடையை விரித்து முகர்ந்துபார்க்கக் கொடுப்பார். பேரம் படிந்துவிட்டால்தான் ஆபத்து என்று கண்டுகொண்டதால், அவர் எதையும் படியவிடவில்லை.

சில வருஷம் கழித்து அதாவுல்லா முறைக்காய்ச்சலில் படுத்தார். வேலூர் லாங் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த அவருடைய சம்மந்தி இஷ்தியாக் அகமது, குதிரையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நல்ல மனசோடு ஓட்டிப்போனார். ஆனால் இஷ்தியாக்கின் கடையில் ஒரே விலை. பேரம் பேசுகிறவர்களை அவர் உட்காரக்கூடச் சொல்லமாட்டார். ஜல்திக்கு வயிறு நிறையக் கொள்ளு வைத்தார், கழுத்தில் பட்டுக் குஞ்சம் கட்டினார், விரலால் மட்டும் தொடவில்லை. சேதி கேட்டு அதாவுல்லா கம்பளியைப் போர்த்திக்கொண்டு ரயிலேறி வந்தபோது, குதிரை கோட்டைக்கும் மேலே பருந்தளவு ஆகியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார், திரும்பவில்லை. எந்த ஏணியும் எட்டாது.

"சம்மந்தி, அந்தக் குதிரைய எனக்கு வித்துடுங்க!" என்று கடைவாசலில் நின்று உரக்கக் கேட்டார்.

"யா அல்லா, அது உங்க குதிரைதானே! சும்மாவே எடுத்துக்குங்க."

குதிரை இன்னும் ஒரு பனை உயரம் போயிற்று.

"கெடுத்தீங்களே! சும்மா குடுக்காதீங்க, ஜாஸ்தி கேளுங்க!" என்று அலறி, சம்மந்தியின் கைமேல் துண்டை வீசினார் அதாவுல்லா. துண்டுக்கடியில் இஷ்தியாக் ஏதோ ஒரு விரலைப் பிடித்ததும், "இந்தக் கிழட்டுக் குதிரைக்கு எவன் அவ்ளோ தருவான்?" என்று வானத்துக்குக் கேட்கக் கத்தினார்.

மேலே ஒரு காது திரும்பியது. கீழே, வாழ்நாளில் பேரம் பேசாத இஷ்தியாக்குக்கும் சுருக்கென்றது. "கிழடா? பல்லப் பாத்துட்டுப் பேசுங்க சம்மந்தி! இந்த ஜில்லாவுலயே இது மாதிரி ஒண்ணு காட்டுங்க!" என்று அவர் விரலை முறுக்கினார். இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள், துண்டு கசங்கியது, பஜார் கூடிவிட்டது. தன் விலையைக் குறைக்கிறவன் யார் என்று பார்க்க ஜல்தி கோட்டை உயரத்துக்கு வந்தது, மாடி உயரத்துக்கு வந்தது, கடைசியில் தெருவில் நான்கு குளம்பும் ஊன்றித் துண்டுக்குள் மூக்கை நுழைத்தது. இஷ்தியாக் அதற்குள் ருசி கண்டுவிட்டார். ஒரே விலை என்ற பலகை மறுநாள் அடுப்புக்குப் போயிற்று.

அந்தப் பேரம் 1931இலும் நடந்துகொண்டிருந்தது. வாராவாரம் இஷ்தியாக் ரயிலேறி ஆம்பூருக்கு வந்து விட்ட இடத்தில் தொடங்குவார். பேரம் முடியாததால் ஜல்திக்கும் வயதாக ஒழியவில்லை. மதியத்தில் சம்மந்திகள் இருவரும் கண்ணயர்ந்துவிடுவதுண்டு. அப்போது அந்த வழியாகப் போகும் சுப்பராயன், பட்டை விலை சொல்லும் அதே குரலில், "பாய், குதிர ஒரு சாண் ஏறிக்குது," என்பார். அதாவுல்லா கண்ணைத் திறக்காமலே துண்டுக்குள் கையை விடுவார்.