முதலாவதா, இரண்டாவதா?

...முதலாவதுதான், அதில் என்ன சந்தேகம், இரண்டாவதில் எழுத்தெல்லாம் தண்ணீர் பட்ட தாள் மாதிரி மசமசவென்று கிடக்கிறது, இதைப் புரியவைக்கப் பத்து நாள் சண்டையா, அதுவும் கூடப் பிறந்த தம்பியோடு... என்று பொருமிக்கொண்டேதான் அவள் அந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். வந்தது கண்ணைக் காட்ட அல்ல. அவளும் தம்பியும் எழுதிய மென்பொருள் முதன்முதலாக ஓடியது இந்தக் கண்ணாடிக்கடையில்தான், பத்தொன்பது வருடம் ஆகிறது, இன்று நாற்பது கடைகளில் ஓடுகிறது, நாற்பதிலும் கணினிகளுக்கு வயதாகிவிட்டது, புது விண்டோஸைத் தாங்காது, எல்லோரும் லினக்ஸுக்குப் போகிறார்கள், மென்பொருளும் மூட்டை முடிச்சோடு கூடவே போயாக வேண்டும். பழைய திரைகளை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது, பொத்தானையும் கட்டத்தையும் பட்டியலையும் இங்கேயும் அங்கேயும் ஒழுங்காக வரைந்து தருகிற புது டூல்கிட் ஒன்று வேண்டும். மூன்று டூல்கிட்டில் ஒரே திரையை மாதிரிக்குச் செய்து மடிக்கணினியில் கொண்டுவந்திருந்தாள், கடைக்காரரே பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் தம்பி வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம். கடைக்காரர் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார், மடிக்கணினியைக் கை நீளத்துக்குத் தள்ளிவைத்துக் கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு அவள் படித்த அழகைப் பார்த்தார். "மேடம், அது கெடக்கட்டும். மொதல்ல நீங்க அந்தச் சேர்ல உக்காருங்க" என்றார். உட்கார்ந்தாயிற்று.

விளக்கு அணைந்தது. மூக்கின் மேல் கனமான ஒரு சட்டம் ஏறியது, அதில் அவர் லென்ஸ்களைச் செருகிச் செருகி எடுத்தார், எதிர்ச்சுவரில் எழுத்துகள் பெரிசிலிருந்து சின்னதாக இறங்கின. "தூரம் நல்லா இருக்கு. இப்ப இந்த அட்டையப் படிங்க... இது நல்லாருக்கா, இதுவா? மொதலாவதா, ரெண்டாவதா?" என்ன கேள்வி இது, பத்து நாளாக வீட்டிலும் ஆபீசிலும் இதே கேள்விதானே. முதலாவது டூல்கிட் எல்லாவற்றையும் தானே வரைகிறது, எந்தக் கணினியில் போட்டாலும் ஒரே முகம், ஆனால் ஆள் கனம். இரண்டாவது அந்தந்தக் கணினியில் இருக்கும் பொத்தான்களையே கடன் வாங்கிக்கொள்கிறது, இளைத்த உடம்பு, பழைய கணினியிலும் சட்டென்று திறக்கிறது. மூன்றாவது ஒரு பெட்டிக்குள் அடைத்த இணையப்பக்கம், திறப்பதற்குள் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்விடுவார், அதை வேண்டாம் என்பதில் மட்டும் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே மனசு. "மேடம், தலைய ஆட்டாதீங்க." ஆட்டினேனா என்ன... தம்பி இரண்டாவதில் ஒற்றைக்காலில் நிற்கிறான். எழுத்து மங்கல் என்றால், எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது என்கிறான், எதையாவது கவனித்துப் பார்த்திருக்கிறானா அவன், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அவளும் விடவில்லை, மங்கலைப் பற்றி இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பினாள், படித்துவிட்டு, "அப்ப நீயே தனியா எழுதிக்கோக்கா" என்று சொல்லிவிட்டான். சாதாரணமாகத்தான் சொன்னான், கோபம்கூட இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு திரைகள், இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு வருடம், தனி ஆளாக முடியுமா, முடிந்தாலும் அவன் இல்லாமல் அந்த அறையில் உட்கார்ந்திருக்கத்தான் முடியுமா. முடியாது, அதுதான் உண்மை. இன்று சாயங்காலம் அவனுக்கு முடிவு சொல்வதாகக் கெடு.

"இப்ப?" என்றார் கடைக்காரர். அட்டையில் அதுவரை எறும்பு வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தது எழுந்து நின்று எழுத்தாகிவிட்டது, கால்புள்ளிக்குக்கூட வால் தெரிந்தது. இருங்க சார், ஒரு நிமிஷம், அந்த மடிக்கணினியைக் கொடுங்க. கொடுத்தார். முதலாவது தெளிவு. மூன்றாவது தெளிவு. இரண்டாவதைத் திறந்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள், மங்கலைக் காணோம், அச்சடித்த புத்தகம் மாதிரி இருந்தது. எழுத்து மட்டும் மற்றதைவிட ஒரு சுற்றுச் சின்னது, அவ்வளவுதான், அதோடு முதலாவதைக் காலையில் கண் களைக்கும் முன்னால் பார்ப்பாள், இரண்டாவதை எப்போதும் வேலையெல்லாம் முடிந்து கண் எரிகிற நேரத்தில்... கடவுளே, இரண்டு பக்கக் கடிதம்! அதில் தலைப்பு வேறு, அடிக்கோடு வேறு. மாத்திரை அட்டையில் பெயரைப் பொடிசாகப் போடுகிறான்கள் என்று திட்டினாளே, கணவரின் கையெழுத்து வர வர மோசமாகிறது என்றாளே, அந்த மனுஷர் பாவம் போன மாதத்திலிருந்து கடைச் சாமான் பட்டியலைக் கொட்டை எழுத்தில் எழுதி வைக்கிறார், அதையும் கிண்டல் செய்தாள். சிரிப்பு வந்துவிட்டது, மூக்கில் சட்டம் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், இத்தனை பேர் மேல் பழி போட்ட பாரம் முழுக்க இறங்கினாற்போல் உடம்பு லேசாக இருந்தது. "ஒண்ணரை பவர். வயசுக்குத் தகுந்ததுதான், பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் அவர்.

பிறகு அவர் அந்த எண்களை அவளுடைய பழைய மென்பொருளில் ஏற்றினார், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், இருட்டில் ஒரு கை லென்ஸ் பெட்டியை மூடிக்கொண்டிருக்க மற்றக் கை எண்பலகையில் டக் டக் என்று ஓடியது, கண் திரைப்பக்கமே போகவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பத்தொன்பது வருடத்துக்கு முன் எழுதியது ஒருவரின் விரலில் இப்படி ஊறிக்கிடப்பதைப் பார்க்க. "சார், புதுசுல எழுத்து எப்படி இருந்தா உங்களுக்கு வசதி?" "எழுத்தா? நான் எங்க மேடம் பாக்குறேன்? என்டர் தட்டினா அடுத்த கட்டத்துக்குப் போகணும். போகும்ல?" போகும், இரண்டிலும் போகும். அடப்பாவமே, இதற்கா பத்து நாள்.

சட்டத்தைக் கழற்ற மனசே வரவில்லை, மாட்டிக்கொண்டபடியே தம்பியைப் போனில் கூப்பிட்டாள், இரண்டாவதையே எடுத்துக்கொள்வோம், கனமில்லாதது, அவன் சொன்னதுதான் சரி, சொல்லிவிட வேண்டியதுதான், இதில் என்ன கௌரவம்... "டேய், மங்கலெல்லாம் டூல்கிட்ல இல்லடா, என் கண்ணுலதான்." அந்தப் பக்கம் அவன் வெடித்துச் சிரித்தான், பத்து நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு, அது போதும் என்றிருந்தது அவளுக்கு. "நான்தான் சொன்னேனேக்கா, எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு, எழுத்துகூட ஒரே சைஸு." சரிடா, சரி, என்று சொல்ல வாயெடுத்தாள். ஒரே அளவா? மடியில் திரை திறந்தே கிடந்தது, இரண்டாவதில் எழுத்து ஒரு சுற்றுச் சின்னது, பளிச்சென்று தெரிகிறது, கூடப்பிறந்தவன் நல்ல கண்ணோடுதான் அதைப் பார்த்தானா... அவளைவிட இரண்டே வயது சின்னவன், போனைக்கூட இப்போதெல்லாம் தள்ளித் தள்ளிப் பிடித்துத்தானே படிக்கிறான், அப்படியென்றால் இந்தப் பத்து நாளும் இந்த இரண்டு டூல்கிட்டையும் யார்தான் பார்த்தது?

"நீ கொஞ்சம் கண்ணாடிக்கடைக்கு வாடா" என்றாள்.

"எதுக்குக்கா?"

கடைக்காரர் அதற்குள் இன்னொரு லென்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.