மயக்க ஊசி கேட்காத உடம்பு

வாய் வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதற்கு முன்னால், "சிகரெட் உண்டா? வேற ஏதாவது பழக்கம்?" என்று நர்ஸ் கேட்டாள். பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். நைட் ஷிஃப்டில் முழித்திருக்க எனக்கு சிகரெட், பகலில் தூங்க கஞ்சா. சிகரெட்தான் உடம்பைக் கெடுக்கும், கஞ்சா வெறும் இலை என்று நம்பியிருந்தேன்.

"சிகரெட் மட்டும்தான்."

மயக்க ஊசி போட்டார்கள். பாதியில் முழித்துவிட்டேன். தொண்டைக்குள் குழாய். கத்த முடியவில்லை. நர்ஸின் கையை நகம் பதியப் பிடித்தேன். குழாயை உருவினார்கள்.

சிறிது நேரம் கழித்து டாக்டர் தனியாக வந்தார். "சிகரெட் ரத்தக் குழாயைச் சுருக்கும், நெஞ்சை அரிக்கும். ஆனா மயக்க மருந்தை இப்படித் தோக்கடிக்காது. தினம் கஞ்சா அடிக்கிறவங்களுக்குத்தான் சாதாரண அளவு பத்தாது. காரணம் தெரியாம நான் அளவைக் கூட்டினா மூச்சு நின்னுடும். உண்மையைச் சொல்லுப்பா."



"அடிப்பான் டாக்டர், நாலு வருஷமா" என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் சட்டையைத் துவைக்கிறது யாரு, நீயா?"

"அப்ப முன்னாடியே ஏன் சொல்லலை?"

"அந்த நர்ஸ் நம்ம தெரு. உனக்குப் பொண்ணு தேடிக்கிட்டிருக்கேன்டா."

டாக்டர் பேனாவைத் திறந்தார். "ஒரு நாளைக்கு எத்தனை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "மூணு" என்றாள். மூன்றுதான்.