பெட்டியைத் தூக்கிய ஹியூபேட்

கொட்டாஞ்சேனையில் மாக்ரெட்டின் கேக் கடைக்குள் கள்ளன் புகுந்தபோது காசு போடும் லாச்சியில் சொல்லும்படியாக ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே அவன் கேக் அடிக்கிற பெரிய மெஷினைத் தூக்கினான். போகிற போக்கில், மேசைக்கடியில் இருந்த, படங்கள் பதிவாகும் கமெராப் பெட்டியையும் வயரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

காலையில் வந்த பொலிஸ்காரர் கூரையில் நான்கு கமெராக்களைக் கண்டு முகம் மலர்ந்தார். "வீடியோவைப் போடுங்க, பாப்பம்" என்றார் சிங்களத்தில். மாக்ரெட்டின் கணவர் ஹியூபேட் தொண்டையைச் செருமிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். பொலிஸ்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அப்ப படம் முழுக்க அவனிட்டத்தான் இருக்கு. ஆளைப் பிடிச்சா அவனையே கேப்பம்."

ஹியூபேட் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் சரக்குச் சரிபார்க்கும் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் வந்த ஒரு பெட்டி குறைந்தாலும் அவருடைய கண்ணுக்குத் தப்பாது என்று அங்கே பெயர். அப்படிப்பட்டவருடைய சொந்தப் பெட்டியே போய்விட்டது. அதைவிட மோசம், முதலில் கமெரா பூட்டியபோது, "பதிவுகளை வேற இடத்திலயும் ஒரு கொப்பி வைப்பமா?" என்று கேட்டவனிடம், "என்னத்துக்கு? பெட்டி என்ன நடந்து போகப்போகுதா?" என்று சொன்னவரும் இவர்தான். மாக்ரெட் அதை ஒருதரம்கூட நினைவுபடுத்தவில்லை. பத்தொன்பது வருடம் தன்னோடு உழைத்த மெஷின் இருந்த இடத்தைத் துடைத்துவிட்டு, கையால் முட்டை அடிக்கத் தொடங்கினாள். அவள் ஏசியிருந்தால் ஹியூபேட்டுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

புதிய மெஷின் வந்தது. புதிய பெட்டிதான் வரவில்லை, ஏனென்றால் ஹியூபேட் இந்த முறை ஆராய்ந்து வாங்குவதென்று தீர்மானித்துவிட்டார். வெள்ளவத்தையில் கமெராக் கடை வைத்திருந்த ஜெனிஸ்டன் மூன்று வாரத்தில் ஐந்து தடவை கொட்டாஞ்சேனைக்கு வந்துபோனான்.

"க்ளவுட்டில போடலாம் அங்கிள். படம் நேர இன்டர்நெட்டால போயிடும்."

"எங்க போகும்?"

"கொம்பனியிட சேர்வருக்கு."

"அது எங்க இருக்கு?"

ஜெனிஸ்டன் யோசித்தான். "சிங்கப்பூரா இருக்கலாம்."

"இருக்கலாமோ? தம்பி, சாமான் எந்தக் களஞ்சியத்தில கிடக்கு எண்டு தெரியாமல் நான் ஒரு நாளும் கையெழுத்து வச்சதில்ல."

கமெராவுக்குள்ளேயே ஒரு கார்ட் போடலாம் என்றான் அடுத்த தடவை. கமெராவையும் கழற்றிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று ஹியூபேட் கேட்டார். கடைசியில் ஜெனிஸ்டன் ஒரு வழி சொன்னான். கடையில் ஒரு ரெக்கோடர். நம்பிக்கையான வேறொரு வீட்டில் இன்னொன்று. ஆள் அசைந்தால் அந்தத் துண்டுப் படம் உடனே மற்ற வீட்டுக்குப் போய்விடும். இன்டர்நெட் லைன் விழுந்தால் காத்திருந்து, வந்ததும் அனுப்பும். போய்ச் சேராவிட்டால் ஃபோனுக்குச் சொல்லும். அங்கே சேர்ந்ததைக் கடையிலிருந்து அழிக்கவும் முடியாது.

"ஆ! இது கதை. அப்பிடி இருந்தாத்தான் நம்பலாம்" என்றார் ஹியூபேட். "வந்து சேராததைச் சொல்றவன்தான் கிளாக்."

"அப்ப றெஜியிட வீட்டில வைப்பம்" என்றாள் மாக்ரெட், ஐசிங் பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஹியூபேட்டின் முகம் சுருங்கியது. றெஜி அவருடைய தம்பி. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு ஃபிளட்டில் இருந்தான். கொப்பி வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அண்ணனைக் கிண்டல் பண்ணுவதை அவன் ஒரு தொழிலாகவே செய்து வந்தான். பெட்டி களவுபோன அன்று அனுதாபம் சொல்ல ஃபோன் எடுத்தவன், "அண்ணை, கள்ளனுக்கு ரிமோட்டையும் குடுத்து விட்டீங்களா?" என்று கேட்டான். இருந்தாலும் வேறு வழி தெரியவில்லை. ஹியூபேட் ஒரேயொரு நிபந்தனையோடு சம்மதித்தார்: தானே ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகுதான் பெட்டியை ஏற்றுக்கொள்வார்.

ஜெனிஸ்டன் இரண்டு இடத்திலும் ரெக்கோடர்களைப் பூட்டினான். ஏணியில் நின்று பேட்டரியைப் பற்றி ஏதோ விளக்கினான். அந்த நேரம் ஹியூபேட் ஃபோனில், பெட்டியில் கை வைக்கக்கூடாது என்று றெஜியை எச்சரித்துக்கொண்டிருந்தார். "ஓம், ஓம்" என்று இருவருக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாக்ரெட் பகல் சாப்பாட்டுக்கு றெஜி வீட்டுக்குப் போனாள். ஜெனிஸ்டனும் அங்கே போய்விட்டான். தான் வரும்வரை ஒருவரும் படம் பார்க்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, ஹியூபேட் பூட்டிய கடைக்குள் கள்ளனாக நுழைந்தார். மாக்ரெட்டின் சமையல் துணியை மூக்குவரை கட்டிக்கொண்டார். கெட்டிக்காரக் கள்ளன் முதலில் எதைச் செய்வான் என்று யோசித்து, மெயின் சுவிட்சை அணைத்தார். லைட், காற்றாடி, பிரிட்ஜ் எல்லாம் அடங்கின. கடை மங்கலாகி, சத்தமே இல்லாமல் கிடந்தது.

அரை மணித்தியாலம் கழித்து, பெட்டியை ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டு மடியில் வைத்தபடி, திரீவீலில் வெள்ளவத்தைக்கு வந்து இறங்கினார். வெற்றி அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"கரண்டைக் கட் பண்ணிப்போட்டுத்தான் தூக்கினனான். நான் உள்ள வந்தது மட்டும் படத்தில இருந்தா நீர் பாஸ், தம்பி."

றெஜி டீவியில் படத்தைப் போட்டான். முகத்தில் துணி கட்டிய ஓர் உருவம், வயிறு முந்த, கடைக்குள் வந்தது. நடந்து போய் சுவிட்சை அணைத்தது. அத்தோடு முடிந்தது என்று ஹியூபேட் எழும்பப் பார்த்தார், ஆனால் படம் நிற்கவில்லை. கறுப்பு வெள்ளையாக மாறி, முன்னையதைவிடத் துலக்கமாக ஓடியது.

"பேட்டரி அங்கிள்" என்றான் ஜெனிஸ்டன் பணிவாக. "கமெரா, ரெக்கோடர், இன்டர்நெட் மூண்டுக்கும் போட்டிருக்கு. சொன்னனானே."

"நல்லது, நல்லது. அப்ப சரி. நிப்பாட்டு றெஜி, சாப்பிடுவம்."

றெஜி நிற்பாட்டவில்லை.

படத்தில் கள்ளன் பெட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவன், கல்யாண ஓடருக்காக வெட்டி வைத்திருந்த ரிச் கேக் தட்டுக்குப் பக்கத்தில் நின்றான். இடமும் வலமும் பார்த்தான். முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கினான். ஒரு துண்டு போனது. கண்ணை மூடி மென்றான். இரண்டாவதும் போனது. மூன்றாவதைக் கையில் எடுத்து, வைக்கப் பார்த்து, மனம் வராமல் அதையும் வாயில் போட்டுக்கொண்டு, மற்றத் துண்டுகளை இழுத்துப் பரப்பித் தட்டின் வெறுமையை மறைத்தான். பிறகுதான் பெட்டி ஞாபகம் வந்தது.

மாக்ரெட் டீவியிலிருந்து கண்ணை எடுத்து ஹியூபேட்டைப் பார்த்தாள்.

ஹியூபேட்டுக்கு மூன்று மாதமாக இரத்தத்தில் சீனி இறங்கவேயில்லை. மாக்ரெட் அவருடைய சாப்பாட்டைப் பாகற்காய்க்கு மாற்றினாள், பிறகு குரக்கன் மாவுக்கு மாற்றினாள், கடைசியில் டொக்டரையே மாற்றினாள்.

"நான் கிளினிக் மெஷின் பிழை எண்டெல்லோ நினைச்சன்" என்றாள் மெதுவாக.

"மாக்ரெட், அது... கள்ளன் எண்டா அப்பிடித்தான் செய்வான் எண்டு..."

"ஓம் அண்ணி" என்றான் றெஜி. "நடிப்பு. தட்டைப் பரப்பி விட்டதைப் பாருங்க, பழகின கை."

மாக்ரெட் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. ஏச வருகிறாள் என்றுதான் ஹியூபேட் தலையைக் குனிந்தார். ஆனால் அவள் சிரித்தாள். கதிரையில் சாய்ந்து, கண்ணில் நீர் வர, சத்தமாகச் சிரித்தாள். மெஷின் போன நாளிலிருந்து அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருக்கவில்லை. அவருக்கு வெட்கம் பாதியிலேயே கரைந்துவிட்டது.

"அந்தத் துண்டை மட்டும் அழிக்கலாமா, தம்பி?" என்று ஜெனிஸ்டனிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"உங்கட பெட்டியில அழிக்கலாம் அங்கிள். இஞ்ச இருக்கிறதை அழிக்க றெஜி அங்கிளிட பாஸ்வேர்ட் வேணும். அப்பிடி இருந்தாத்தான் நம்பலாம் எண்டு நீங்கதானே சொன்னீங்க."

"அழிக்கிறதோ?" என்றான் றெஜி. "நத்தார்ப் பண்டிகைக்கு எல்லாரும் வருவினம், அண்ணை."

மாக்ரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "துணியை இறக்கிற இடத்தை இன்னொருக்காப் போடுங்க" என்றாள். றெஜி மவுஸைத் தேடினான். அது ஹியூபேட்டின் பக்கத்தில் கிடந்தது. அவர் அதை எடுத்தார், ஒரு பெருமூச்சு விட்டார், சரியான இடத்துக்குப் படத்தைத் தானே பின்னால் ஓட்டிக் கொடுத்தார்.